ஒன்பதாம் நாள் எங்க முறை

எங்க ஊர் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம்தான் முதலில் வந்தது. நர்ஸ் வரவில்லை. ஒரு வருசம் பூட்டியே கிடந்தது. வெயில் நேரத்தில் அதன் நிழலில் ஆடுகள் படுத்துக் கிடக்கும்.

தாடிக்கொம்பிலிருந்து மேற்கே நடந்து குடகனாற்றைத் தாண்டினால் எங்க ஊர். அப்போது எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பேச்சு. சர்க்கார் பாதி, ஊர் பாதி. பள்ளிக்கூடமோ ரோடோ, ஊரும் கை கொடுக்க வேண்டும். பணம் கொடுக்க முடியாதவன் உழைப்பைக் கொடுக்கலாம் என்றார்கள். எங்க தெருவில் யாரிடமும் பணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கல்லும் மண்ணும் நாங்கள் சுமந்தோம். நானும் சுமந்தேன். அப்போது என் வயிற்றில் இரண்டாவது.

முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போனது. இரண்டாவது மூன்று நாள் இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவதாக எனக்கு நாள் தள்ளிப்போன சமயம் நர்சம்மா வந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்று மணலில் நடந்தே வந்தாங்க. ஒரு தகரப் பெட்டி, ஒரு கறுப்புப் பை, ஒரு குடை. பெட்டியை என் வீட்டுக்காரர் தலையில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். இந்தாங்க என்று நாலணா நீட்டினாங்களாம். இவர் வாங்கவில்லை. "அந்தம்மா என்னைய வாங்க போங்கன்னு பேசுது, அதுக்குக் காசு வேற வாங்குறதா?" என்றார்.

நர்சம்மாவுக்குத் தொப்பம்பட்டிப் பக்கம். அந்தப் பக்கத்துக் கொங்குப் பேச்சு. நான் முதல் தடவை போனபோது, "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றாங்க. எனக்குப் பின்னால் யாரும் வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எத்தனாவதுங்க?"

"மூணாவது."

"மத்த ரெண்டும்?"

நான் கையை விரித்தேன். அவங்களும் திருப்பிக் கேட்கவில்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாங்க. கை சூடாக இருந்தது.

"இது நிக்குமுங்க. நான் இருக்கறேன்" என்றாங்க.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வீடு வந்தேன்.

ஆனால் அவங்க ஒருத்தர். ஊர் ஏழு. ஏழு ஊரிலும் எவளுக்கு வலி வந்தாலும் வண்டி இங்கேதான் வரும். ஆயா வேலை என்று ஒன்று காகிதத்தில் இருந்தது. ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கென்று வெட்டின கிணறு பத்தடியில் பாறை தட்டி நின்றுபோனது. நர்சம்மாவே தண்ணீர் சுமப்பாங்க. முள் ஒடித்து அடுப்பு மூட்டுவாங்க. ரத்தத் துணியை அவித்து, அலசிக் காயப்போட்டுவிட்டு, பிள்ளையும் எடுப்பாங்க. பிறகு உட்கார்ந்து நோட்டு எழுதுவாங்க. அதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அக்கரை ஊரிலிருந்து நடந்து வந்த நர்சம்மா ஆற்று மணலில் உட்கார்ந்தாங்க. எழுந்திருக்க முடியவில்லை. குடை ஒரு பக்கம், பை ஒரு பக்கம் கிடந்ததாம். என் வீட்டுக்காரர்தான் பார்த்து, வண்டியில் தூக்கி வைத்துக் கொண்டுவந்தார்.

மறுநாள் நான் கஞ்சி கொண்டுபோனேன். குடித்துவிட்டுச் சொன்னாங்க.

"மாத்தல் கேட்டு எழுதீட்டனுங்க அம்மிணி. ஒருத்தியால ஆகறதில்லீங்க இது."

"எப்பப் போவீங்க?"

"ஆர்டர் வர்றப்ப. மூணு நாலு மாசம் ஆகும்."

எனக்கு இன்னும் ஐந்து மாசம் கிடந்தது.  மறுநாள் விடிந்ததும் ஆற்றுக்குப் போய் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் அவங்க வாசலில் இறக்கினேன். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் நர்சம்மா சொன்னாங்க. "நீங்க ஒருத்தர் சுமந்தா பத்துங்களா? வயித்துப் பிள்ளைக்காரி வேற. வாங்க, தலைவரைப் பாக்கலாம்."

தலைவர் என்றால் பஞ்சாயத்துத் தலைவர். பெரியவீட்டுக்காரர். நர்சம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன்.

"ஆயாவுக்கு மனுப் போட்டிருக்கும்மா. வந்துரும்" என்றார் தலைவர்.

"அது வர்றப்ப நான் இருக்க மாட்டனுங்க. தண்ணி, அடுப்பு, துணி. இந்த மூணையும் ஊரு பாத்துக்கிட்டா, பிள்ளையை நான் பாத்துக்கறேன். மாத்தலும் வேண்டாம்னு எழுதிப் போட்டுடறேன். இல்லீன்னா கட்டடத்தைப் பூட்டிச் சாவியை உங்ககிட்டத்தான் குடுக்கணும்."

தலைவர் செத்த நேரம் மீசையைத் தடவினார். சாயங்காலம் கிணற்றுப் பங்காளிகளைக் கிணற்றடிக்கு வரச் சொல்கிறேன் என்றார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு வடக்கே பங்குக் கிணறு. தோட்டத்துக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான். ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் கூப்பிடு தூரம். நிலம் உள்ளவர்களுக்கு அதில் பங்கு உண்டு. பங்குக்குத் தக்கபடி முறை. எட்டு நாளுக்கு ஒரு சுற்று. பெரியவீட்டுக்கு இரண்டு நாள், மற்றவர்களுக்கு ஒன்றும் அரையும். ஒருவன் முறை நாளில் இன்னொருவன் மாடு பூட்டிக் கமலை இறைக்க முடியாது. தன் பேருக்கு வேறு ஆளை விட்டு இறைக்கலாம். ஆனாலும் முறை அவன் முறைதான். எங்க ஊரில் சண்டை எதுவானாலும் முதல் கேள்வி, "முறை யாருது?"

நிலம் இல்லாதவனுக்குப் பங்கு இல்லை, பங்கு இல்லாதவனுக்கு முறையும் இல்லை. எங்க தெரு ஆற்றுக்குப் போகும். என் வீட்டுக்காரர் பெரியவீட்டுக்குக் கமலை ஓட்டுகிறவர். விடிந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் இறைப்பார். கமலைக் கயிற்றை அவர் பிடிக்கலாம், குடத்துக் கயிற்றைத் தொடக் கூடாது. வீட்டுக்கு வந்து ஆற்றுத் தண்ணீர் குடிப்பார்.

கிணற்றடிக் கூட்டத்துக்கு நர்சம்மா போனாங்க. துணைக்கு நானும் போய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடைசியில் வெங்காயக் காட்டுக்காரர் ஒருத்தர் சொன்னார்.

"கிணத்துக்கு முறை இருக்குல்ல. அதே மாதிரி ஆஸ்பத்திரிக்கும் வச்சுட்டுப் போவோம். அன்னன்னைக்கு முறைக்காரன் வீடு பாத்துக்கிடட்டும்."

எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அவர்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். பிடித்துப்போனதோடு விட்டிருக்கலாம்.

"அப்ப இதுலயும் எனக்கு ரெண்டு நாள்" என்றார் தலைவர்.

"உங்களுக்கு ரெண்டுன்னா எனக்கு ஒண்ணரை. போன வருசம் அரைப் பங்கு வாங்குனேன்ல."

"அது எங்க அண்ணன் வித்தது. பத்திரம் இன்னும் பதியலை."

"பதியாட்டி என்ன அப்பு, தண்ணி பாயலையா?"

"கிணத்துல பாயட்டும். ஆஸ்பத்திரியில அந்த அரை நாள் எங்களுதுதான். விட மாட்டேன்."

பொழுது சாயும்வரை இதே பேச்சு. ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தே போனார், இரண்டு பேர் போய்க் கூட்டிவந்தார்கள். நர்சம்மா மரத்தடிக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாங்க.

"ஏனுங்க அம்மிணி, இவங்க சண்டை போடறது ரத்தத் துணி துவைக்கறதுக்குங்களா?"

"ஆமா."

"யாரு துவைப்பாங்க?"

"இவங்க வீட்டுப் பொம்பளைங்க."

"அவங்களுக்குத் தெரியுங்களா?"

"இனிமேத்தான்."

நர்சம்மா குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாங்க. குடை ஆடியது.

மறுநாள் பங்குக்காரர்கள் இருக்கும் மேலத்தெரு வழியாகப் போகும்போது ஒரு வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. "முறை வாங்கிட்டு வந்தாராம் முறை! மூணு குழி நெலம் வாங்குன மாதிரி மீசைய முறுக்கிட்டு வாராரு. குடத்த நீ எடு. மீசைய நான் முறுக்குறேன்."

இருந்தாலும் முறை தொடங்கியது. நர்சம்மா ஒரு கரும்பலகை மாட்டினாங்க. வந்த வீட்டுக்கு ஒரு கோடு. "ரெண்டு மாசம் பாக்கறனுங்க. ஒழுங்கா நடந்துச்சுன்னா மாத்தல் வேண்டாம்னு எழுதறேன்" என்றாங்க.

எங்க தெருவுக்கு அதில் நாள் இல்லை. அது எனக்கு உறுத்தியது. பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போனேன். மதினிக்கு வாய் உண்டு.

"என்னத்தா ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரி முறையில எங்க தெருவுக்கும் ஒரு நாள் வேணுங்கய்யா."

"வேலைதானே, வந்து செய்ங்க. யாரு வேணாங்குறா?"

"முறையா வேணும்" என்றேன்.

கூப்பிட்டால் போவது வேறு. நம்ம நாள் என்று போவது வேறு. அதை எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. அதுதான் கோளாறு.

"முறைன்னா பங்கு" என்றார். "இன்னைக்கு ஆஸ்பத்திரியில முறைம்பீங்க. நாளைக்கு அதைச் சொல்லிக் கிணத்துல வந்து நிப்பீங்க."

"மண்ணு சுமக்கையில எங்ககிட்ட யாரும் பங்கு கேக்கலையே ஐயா" என்றாள் மதினி.

"வாயைப் பாரு." அவர் கத்தவில்லை. கெட்ட மனுசரும் இல்லை. பயந்துவிட்டார், அவ்வளவுதான். நாங்கள் திரும்பி வந்தோம்.

இரண்டு சுற்று ஒழுங்காக நடந்தது. மூன்றாவது சுற்றில் மேலத்தெருப் பெண்களுக்கு இடுப்பு வலித்தது, தலை வலித்தது, விருந்தாள் வந்தார்கள். கிணற்று முறைக்கு ஆள் விடுவது போல இதற்கும் ஆள் விட்டார்கள். ஆள் என்றால் நாங்கள்தான். "ஏத்தா, இன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்க முறை. போய்ப் பாத்துட்டு வா." ஒரு படி கம்பு கொடுப்பார்கள். பெரியவீட்டு அம்மா, அதாவது தலைவர் சம்சாரம், முதலிலிருந்தே ஒரு நாளும் வந்ததில்லை. அவங்க முறைக்கு நான் போனேன்.

அப்போதும் கிணற்றில் நான் கயிறு போடக் கூடாது. முறை அவங்க முறை. தண்ணீர் ஆற்றுத் தண்ணீர்.

"இன்னைக்கு யாரு முறைங்க?" என்று நர்சம்மா கேட்பாங்க.

"பெரியவீடு."

"வந்தது?"

"நான்."

சாக்குக்கட்டியை எடுப்பாங்க. பலகையைப் பார்ப்பாங்க. கோடு போடாமல் கீழே வைத்துவிடுவாங்க.

ஒரு நாள் வாய்விட்டே சொன்னாங்க. "வர்றவங்க பூராவும் உங்க தெருவு. முறைக்காரங்க ஒருத்தரையும் காணம். களையெடுப்பு வந்தா நீங்களும் காட்டுக்குப் போயிருவீங்க. இதை நம்பி நான் எப்படிங்க இருக்கறது?"

 அவங்க சொன்னது சரி. களையெடுப்பு வந்தது. எங்க தெரு காட்டுக்குப் போனது. நர்சம்மா மறுபடி தானே தண்ணீர் சுமந்தாங்க. நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு முடிந்த மட்டும் போனேன்.

ஒன்பதாம் மாசம் ஆர்டர் வந்தது. பதினைந்து நாளில் வேறு ஊரில் போய்ச் சேர வேண்டும். இங்கே பதில் ஆள் கிடையாது. காகிதத்தை எனக்குக் காட்டினாங்க. எனக்கு ரெண்டாம் வகுப்புப் படிப்பு. ஊர்ப் பேரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தூரமான ஊர்.

"உங்க நாளு வரைக்கும் இருக்க முடியுமான்னு பாக்கறனுங்க" என்றாங்க. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாங்க.

எனக்குக் குறித்திருந்த நாள் அந்தப் பதினைந்துக்கு அப்பால் இருந்தது. இருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஆறு நாள் போனது. அன்றைக்குப் பெரியவீட்டு முறை. கிணற்றிலும் அவங்க முறை, ஆஸ்பத்திரியிலும் அவங்க முறை. இவர் விடியும் முன்னே கமலை பூட்டப் போய்விட்டார். பெரியவீட்டு அம்மா என்னை அனுப்பினாங்க. முதல் குடம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு இரண்டாம் குடத்துக்கு ஆற்றில் இறங்கி ஏறும்போது வலி வந்தது. குடத்தைக் கரையில் இறக்கி வைத்தேன். உடைக்கவில்லை. பிறகு நடந்தேன். நின்று நின்று நடந்தேன்.

நர்சம்மா அக்கரை ஊருக்கு வண்டியில் போயிருந்தாங்க. ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. அந்த வழியாகக் காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோன மதினி என் சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். பார்த்தாள். வெளியே ஓடிக் கிணற்றுப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

கமலைச் சத்தம் நின்றது. முறை நாளில் பகலில் கமலை நிற்காது. அது நின்றதும், நர்சம்மாவைக் கூட்டிவர இவர் அக்கரைக்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"சுடுதண்ணி வேணும், துணி அவிக்கணும், உன்னைப் பிடிக்கவும் ஆள் வேணும். நான் ஒருத்தி என்ன செய்வேன்?" என்றாள் மதினி. பிறகு, "இரு, முறைக்காரியைக் கூட்டியாரேன்" என்று போனாள்.

பெரியவீட்டு வாசலில் நடந்ததை அவள் பின்னால் எனக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள்.

"அம்மா, இன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க முறை."

"அதான் ஆள் அனுப்பிட்டேனே."

"அனுப்புன ஆளுக்குத்தான் வலி வந்துருச்சு."

"வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்கயேன்டி."

"தெருவே களையெடுப்புல கிடக்கு. உங்க காட்டுலதான்."

மதினி வாசலை விட்டு நகரவில்லையாம். நின்றாளாம். அந்த அம்மாவும் நின்றாங்களாம். தலைவர் திண்டுக்கல்லுக்குப் போயிருந்தார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. உள்ளே போனவங்க, செப்புக் குடத்தோடு வெளியே வந்தாங்களாம்.

நான் தரையில் கிடந்தேன். வாசலில் இரண்டு கால் தெரிந்தது. மெட்டி போட்ட கால். குடம் இறக்கும் சத்தம் கேட்டது.

"எங்க ஊத்தணும்?"

"அடுப்புல அண்டா இருக்கும்மா" என்றாள் மதினி.

முள் அடுப்பு அவங்களுக்குப் பற்றவில்லை. ஊதி ஊதிப் புகை வந்தது. இருமினாங்க. மறுபடி கிணற்றுக்குப் போனாங்க. நாலு குடம் வந்தது. நாலு தடவையும் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். வலிக்கு நடுவில் எண்ண ஏதாவது வேண்டும்.

பிறகு உள்ளே வந்தாங்க. ஒரு பெரிய வலியில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அவங்க கை. வளையல் உடைந்தது. உடைந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

"நீங்க வெளிய இருங்கம்மா" என்றேன்.

"பிடி" என்றாங்க. கையைத் திரும்ப என்னிடம் கொடுத்தாங்க. "எங்க முறை."

வண்டி வந்தது. இவர் அதன் பின்னாலேயே ஓடி வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். நர்சம்மா உள்ளே வந்து, முகமெல்லாம் கரியாக இருந்த பெரியவீட்டு அம்மாவைப் பார்த்தாங்க. ஆச்சரியப்பட அவங்களுக்கு நேரம் இல்லை.

"அந்தத் துணியை எடுங்க. விளக்கைப் பிடிங்க. இப்படி இல்லீங்க, கிட்டக்க."

பெரியவீட்டு அம்மா பிடித்தாங்க.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. எனக்கு அந்தச் சத்தமில்லாமை பழக்கம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நர்சம்மா வாயைத் துடைத்தாங்க. காலைப் பிடித்துத் தட்டினாங்க. சுடுதண்ணீரில் ஒரு முக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு. மறுபடி சுடுதண்ணீர், மறுபடி பச்சைத் தண்ணீர். "தண்ணி, இன்னும் தண்ணி" என்றாங்க. பெரியவீட்டு அம்மா ஊற்ற ஊற்ற இருந்தது.

அழுதது.

பொம்பளைப் பிள்ளை. எங்க தெருவில் பங்குக் கிணற்றுத் தண்ணீரில் குளித்த முதல் உடம்பு அவளுடையதுதான். அன்றைக்கு அதை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போகும்போது பெரியவீட்டு அம்மா வாசலில் நின்று, "பலகையில எங்க வீட்டுக்குக் கோடு போட்டாச்சா?" என்று கேட்டாங்க. நர்சம்மா ஈரக் கையோடு எழுந்து போய்ப் போட்டாங்க. அந்த வீட்டுக்கு அதுதான் முதல் கோடு.

அவங்க தலைவரிடம் என்ன சொன்னாங்க என்று யாருக்கும் தெரியாது. நாலாம் நாள் கிணற்றடியில் அவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு இனி ஒன்பது நாள் முறை. ஒன்பதாம் நாள் தெற்குத் தெரு, அதாவது எங்க தெரு. "ஆஸ்பத்திரிக்கு மட்டும்" என்று இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு மேலத்தெரு ஆள் ஒருவர் இறைத்து எங்க குடத்தில் ஊற்றுவார். எங்க கை குடத்துக் கயிற்றில் படாது. அவ்வளவு தூரம்தான் வந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தார்கள்.

நர்சம்மா மாத்தல் வேண்டாமென்று எழுதினாங்க. இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பதினைந்தாம் நாள் தாண்டியும் குடை ஆணியில் தொங்கியது. "இருக்கறனுங்க அம்மிணி" என்றாங்க.

கிணற்று முறை எட்டு. ஆஸ்பத்திரி முறை ஒன்பது. இரண்டும் ஒட்டாமல் தள்ளித் தள்ளிப் போனது. தெருவில் யாரைப் பார்த்தாலும் விரலை மடக்கிக்கொண்டு, "இன்னைக்கு யாரு?" என்று கேட்பார்கள். மேலத்தெருக்காரர்கள் எங்களிடமும் நின்று கேட்டார்கள். நாங்கள் மட்டும் தப்பாமல் சொல்வோம். எங்களுக்கு ஒரே நாள். அதை விட மாட்டோம்.

அந்த நாளில் கூலிக்குப் போக மாட்டோம். நாலு பேர் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போவோம். மதினி நர்சம்மாவுக்குக் கம்பங்கூழ் கொண்டுவருவாள். வெஞ்சனத்துக்கு வெங்காயமும் சுட்ட மிளகாயும். எங்க சட்டியிலேயே கை விட்டுச் சாப்பிடுவாங்க. "உங்க நாளு வந்தாத்தானுங்க எனக்கு வயிறு நிறையுது" என்பாங்க. மேலத்தெருவிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். பெரியவீட்டு அம்மா அவங்க முறை நாள் இரண்டில் ஒன்றிலாவது தானே வருவாங்க. அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டாங்க.

இரண்டரை வருசம்.

பிறகு நர்சம்மாவுக்கு அவங்க கேட்காமலே மாத்தல் வந்தது. திண்டுக்கல்லுக்கு. கிட்டத்து ஊர்தானே என்றாங்க. பஸ் ஏற்றிவிட ஊரே ஆற்றைத் தாண்டி நடந்தது. பெட்டியை இவர்தான் தலையில் வைத்துக்கொண்டார். என் மகள் குடையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். "வாரனுங்க அம்மிணி" என்று சொல்லி ஏறினாங்க. போறேன் என்று சொல்லவில்லை.

வரவில்லை. ஒரு தடவை பூ மார்க்கெட்டுக்குப் போனவள் அப்படியே விசாரித்துக்கொண்டு போனேன். அங்கிருந்தும் மாற்றிவிட்டார்கள், வடக்கே எங்கேயோ என்றார்கள். எழுதிக் கேட்க எனக்கு விலாசம் தெரியாது.

அதற்கப்புறம் நாங்கள் கேட்டதெல்லாம் வந்தது. ஆயா வந்தாள். ஒரு நர்சுக்கு இரண்டு நர்ஸ் வந்தார்கள். குழாய்க் கிணறு இறக்கி, வாசலிலேயே அடிபம்பு வைத்தார்கள். அதில் எல்லாரும் அடித்தார்கள், நாங்களும் அடித்தோம். முறையை நிறுத்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஒன்பதாம் நாள் நாங்கள் நாலு பேர் போனோம். "என்ன வேணும்?" என்றாள் ஆயா. தண்ணீர் கொண்டுவந்திருக்கிறோம் என்றோம். பம்பைக் காட்டினாள். கரும்பலகையைத் துடைத்து அம்மை குத்துகிற தேதி எழுதியிருந்தார்கள்.

குடத்துத் தண்ணீரை வரும் வழியில் ஒரு புளியங்கன்றுக்கு ஊற்றினோம். 

என் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது மறுபடி உண்டானேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் பெற்றேன். கட்டில் போட்டிருந்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. இரண்டு நர்சும் நல்ல பிள்ளைகள். பதறாமல் பார்த்தார்கள். ஆண் பிள்ளை. பிறந்த உடனே அழுதான். ஒரு குறையும் இல்லை. குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு அவர்கள் அடுத்தவளைப் பார்க்கப் போனார்கள். இவர் வேலைக்குப் போயிருந்தார். மதினி காட்டில். மேலத்தெருவில் எனக்குப் பிள்ளை பிறந்ததே தெரியாது. தெரிய வேண்டிய காரியமும் இல்லை.

படுத்தவாக்கில் விரலை மடக்கினேன். அந்தப் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. பலகையைத் துடைத்த நாளிலிருந்து நான் விடாமல் எண்ணி வந்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஒன்பதாம் நாள். எங்க முறை.

வாசல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே கிடந்தேன். பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. குடம் இறக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஆயா எட்டிப் பார்த்தாள். "யாரும் வரணுமா? சொல்லிவிடவா?"

"இல்லை" என்றேன்.